"ஒரு மணி நேரம்தானே அண்ணா"

என் தங்கை ஐதராபாத்தில் மியாப்பூர் பக்கம் இருக்கிறாள். கல்யாணமாகிப் போன நாளிலிருந்து போனை வைக்கும் முன்னால் ஒரு வாக்கியம் தவறாமல் வரும்: "ஃப்ளைட்ல ஒரு மணி நேரம்தானே அண்ணா, வந்துட்டுப் போயேன்." அவளைக் குறை சொல்ல முடியாது. வேலூர், ஐதராபாத் என்று இரண்டு ஊர்ப்பெயரைப் போனில் போட்டுத் தேடினால் அதுவும் அதையேதான் சொல்கிறது. நேர்கோட்டில் ஏறத்தாழ 500 கிலோமீட்டர், விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். சாலையில் 630 கிலோமீட்டர் வாக்கில், பத்தரை பதினோரு மணி நேரம்.

இதில் ஒரே ஒரு சிக்கல். வேலூரிலிருந்து ஐதராபாத்துக்கு விமானமே கிடையாது.

வேலூரை ஒட்டிய அப்துல்லாபுரத்தில் பிரிட்டிஷ் காலத்து ஓடுதளம் ஒன்று இருக்கிறது. சின்ன ஊர்களுக்கும் விமானம் விடும் உடான் திட்டத்தில் சேர்த்து, கட்டடம் கட்டி, சுற்றுச்சுவர் எழுப்பி, "அடுத்த வருஷம் ஓடும்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். நான் இதை எழுதும்வரை அங்கே டிக்கெட் எடுத்து ஏறியவர் யாரும் இல்லை. ஆனால் தேடினால் வரும் அந்தக் கணக்குக்கு இதெல்லாம் தேவையில்லை. இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் கோடு போட்டு, ஜெட் விமானத்தின் வேகமான மணிக்கு 800 கிலோமீட்டரால் வகுத்து, ஏறவும் இறங்கவும் அரை மணி கூட்டிவிட்டால் விடை வந்துவிடும். விமானம் உண்டா என்று யாரும் கேட்கவில்லை.

எங்கள் வீடு வேலூர் சத்துவாச்சாரியில். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். வேலூர் - திருப்பதி ரூட்டில் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குத் தூரம் என்றால் கிலோமீட்டர் இல்லை, ஸ்டேஜ். ஒரு சிங்கிளுக்கு, அதாவது ஒரு நடைக்கு, எத்தனை மணி நேரம் என்பதுதான். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பரிடம் நிமிடக் கணக்குச் சொல்லியே பழகியவர். நான் முதல் தடவை ஐதராபாத் போய்த் திரும்பியபோது வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் கேட்டது தங்கை எப்படி இருக்கிறாள் என்றல்ல. "இங்க வாசல்ல எத்தனை மணிக்கு எடுத்த, அங்க வாசல்ல எத்தனை மணிக்கு நிறுத்தின?" பழைய டைரி ஒன்றில் அதை எழுதி வைத்தார். அந்த டைரிதான் இந்தக் கட்டுரை.

முதல் பயணம் சென்னை வழியாக. வேறு வழி இருப்பதாகவே அப்போது எனக்குத் தோன்றவில்லை. வேலூர்க்காரனுக்கு விமானம் என்றால் மீனம்பாக்கம். பகல் 11:30 விமானம். வீட்டிலிருந்து விமான நிலையம் 130 கிலோமீட்டர்தானே, இரண்டு மணி நேரம் என்று நினைத்து, பாதுகாப்புக்கு ஒரு மணி கூடச் சேர்த்து, 6:30க்கு டாக்ஸி சொன்னேன். வந்த டிரைவர் பெரிய ஆஸ்பத்திரிக்கு வரும் வங்காள நோயாளிகளை விமான நிலையத்துக்கு ஏற்றிப்போவதையே தொழிலாக வைத்திருப்பவர். காந்தி ரோடு, பாபு ராவ் தெரு பக்கம் போனவர்களுக்குத் தெரியும், அங்கே பாதிக் கடைகளில் பெயர்ப்பலகை வங்காளத்தில்தான் இருக்கும். முந்தின நாள் ராத்திரியே போன் செய்து, "சார், நாளைக்குத் திங்கக்கிழம. 5:30க்கு எடுத்துடலாம்" என்றார். எனக்கு எரிச்சல். "130 கிலோமீட்டருக்கு எதுக்குங்க அஞ்சு அஞ்சரைக்கு?" என்றேன்.

"கிலோமீட்டரப் பாக்காதீங்க சார், கிழமையப் பாருங்க."

அவர் சொன்னதைக் கேட்டதால்தான் விமானத்தைப் பிடித்தேன். வாலாஜா தாண்டி சென்னசமுத்திரம் டோல் வரை சாலை வெண்ணெய். ஓச்சேரி, தாமல் தாண்டியபின் மேம்பால வேலைக்காக வண்டிகளைப் பக்கவாட்டுச் சாலைக்கு இறக்கிவிட்டார்கள். ஒவ்வொரு இறக்கத்திலும் லாரி, பஸ், கார் எல்லாம் ஒரே குழாய்க்குள் நுழைவது போல. அப்புறம் சுங்குவார்சத்திரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை வரை தொழிற்சாலை ஷிப்ட் பஸ்கள். வரிசை வரிசையாக வெள்ளை பஸ்கள், உள்ளே தூங்கி வழியும் பையன்கள். பூந்தமல்லியில் நின்றோம். போரூரில் நின்றோம். விமான நிலையத்தில் இறங்கும்போது மணி 9:40. 130 கிலோமீட்டருக்கு நான்கு மணி பத்து நிமிடம்.

அதோடு முடியவில்லை. சென்னையில் உள்நாட்டு விமானங்களே இரண்டு முனையங்களில் கிளம்புகின்றன, டி1, டி4 என்று. டிக்கெட்டில் போட்டிருந்ததை நான் பார்க்கவில்லை. பெட்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்த முனையத்துக்கு நடை. பெட்டி போடும் கவுன்டரைப் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்னால் மூடிவிடுவார்கள். எனக்குக் கிடைத்த அவகாசம் கால் மணி நேரமோ என்னவோ. அதன்பின் பாதுகாப்புச் சோதனையில் கைப்பையிலிருந்த அம்மாவின் மிளகாய் ஊறுகாய் பாட்டில் வெளியே வந்தது. ஊறுகாய் கைப்பையில் வராது, பெட்டியில்தான் போடவேண்டும். பெட்டியோ ஏற்கெனவே போய்விட்டது. அந்த ஊறுகாயை அங்கே விட்டுவிட்டுப் போனதை அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. (கொப்பரைத் தேங்காய் பெட்டியிலும் வராது, எண்ணெய்ப் பசையால் தீப்பிடிக்கும் பொருள் என்று கணக்கு. அதை அடுத்த தடவை கற்றுக்கொண்டேன். அம்மா ஒவ்வொரு தடவையும் ஒரு பாடம் கட்டித் தருவார்.)

விமானம் 11:30க்கு நகர்ந்தது, 12:45க்கு ஐதராபாத் விமான நிலையம் இருக்கும் சம்சாபாத்தில் நின்றது. டிக்கெட்டில் போட்டிருக்கும் அந்த ஒன்றேகால் மணி நேரம் முழுக்க வானத்தில் இருக்கும் நேரம் இல்லை. நின்ற இடத்திலிருந்து நகர ஆரம்பித்தது முதல் அங்கே போய் நிற்கும் வரை உள்ள நேரம். ஓடுதளத்துக்கு ஊர்ந்து போவதும், முன்னால் நிற்கும் நாலு விமானங்களுக்காகக் காத்திருப்பதும் அதற்குள் அடக்கம். அதனால்தான் சில நாள் தாமதமாகக் கிளம்பியும் சரியான நேரத்துக்குப் போய்விடுகிறது. பெட்டி வர அரை மணி நேரம். சம்சாபாத்திலிருந்து வெளிவட்டச் சாலையில் கச்சிபவுலி வழியாக மியாப்பூர் நாற்பது கிலோமீட்டருக்கு மேல். தங்கை கதவைத் திறந்தபோது 2:30.

நைனா டைரியில் எழுதினார்: எடுத்தது 5:30, நிறுத்தியது 2:30. ஒன்பது மணி நேரம். "இதுல ஆகாசத்துல எவ்ளோ நேரம்?" என்றார். சொன்னேன். "எட்டு மணி நேரம் தரையிலதான் போயிருக்கே, அப்புறம் எதுக்கு ஏரோப்ளேன்?"

அந்தப் பயணத்தில் திரும்பி வந்த கதை இன்னும் மோசம், அதற்கு முழுப்பழியும் என்னுடையது. ஐதராபாத்திலிருந்து சென்னைக்கு நேரடி டிக்கெட்டைவிட, பெங்களூரில் மாறி வரும் டிக்கெட் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் குறைவாகக் காட்டியது. எடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை. காலை 9 மணிக்குத் தங்கை வீட்டிலிருந்து கிளம்பி, பெங்களூரில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து, மாலை 5 மணிக்கு சென்னை விமானம். வலது பக்க ஜன்னல். கொஞ்ச நேரத்தில் கீழே வெள்ளை மணல் கோடாக ஒரு ஆறு. இரண்டு பக்கமும் மொட்டை மலைகள். பார்த்துக்கொண்டே இருந்தவனுக்குத் திடுக்கென்றது, அது பாலாறு. அது எங்கள் ஊர்.

அப்புறம்தான் வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். பெங்களூர் விமான நிலையத்துக்கும் சென்னை விமான நிலையத்துக்கும் நடுவில் நேர்கோடு போட்டால் ஏறத்தாழ 265 கிலோமீட்டர். அந்தக் கோடு வேலூருக்குச் சற்று வடக்கே, காட்பாடியைத் தாண்டிய மலைகளின் மேல் போகிறது. மொட்டை மாடியில் படுத்தால் ராத்திரியில் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டு போகிறதே, அதில் பாதி இந்த இரண்டு ஊருக்கும் நடுவில் போவதுதான். ஆக, 5:25 வாக்கில் என் வீட்டைத் தாண்டிப் பறந்த நான், 6 மணிக்குச் சென்னையில் இறங்கி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் போகும் அத்தனை வண்டிகளோடும் பூந்தமல்லியில் நின்று, 10:30க்கு வீட்டுக்கு வந்தேன். பதின்மூன்றரை மணி நேரம். ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடித்தேன் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். டாக்ஸிக்காரர் காத்திருப்புக்குக் கேட்டது போக அதில் என்ன மீந்தது என்று எழுதவில்லை.

நைனா டைரியைப் பார்த்துக்கொண்டே, "ரேணிகுண்டாவுல ஏரோட்ரோம் இருக்குதே, அங்கேருந்து போக மாட்டானா?" என்றார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. திருப்பதி விமான நிலையம் ரேணிகுண்டாவில்தான் இருக்கிறது. வேலூரிலிருந்து 120 கிலோமீட்டருக்குள். அங்கிருந்து ஐதராபாத்துக்கு விமானம் உண்டு. பக்கத்து மாநிலம் என்பதால் அது என் மனதில் ஏறவே இல்லை. எல்லைக் கோடு மண்டைக்குள்ளும் விழுந்துவிடுகிறது போலிருக்கிறது. நைனாவுக்கு அந்தக் கோடு கிடையாது. அவர் பஸ்ஸுக்குத் திருப்பதி கடைசி ஸ்டேஜ், அவ்வளவுதான். பழைய கணக்குக்குப் பார்த்தால் அவர் சொல்வதுதான் சரி. 1911 வரை வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகரமே சித்தூர்தான். திருப்பதியும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. 1911இல் சித்தூர் தனி மாவட்டமானபின் தலைமையிடம் வேலூருக்கு வந்தது. நாம் நம் பழைய மாவட்டத்துக்குள்ளேயே இருக்கும் விமான நிலையத்தை விட்டுவிட்டு வேறு திசையில் சென்னைக்கு ஓடிக்கொண்டிருக்கிறோம்.

வேறு திசை என்று சொன்னது சும்மா இல்லை. ஐதராபாத் எங்களுக்கு வடக்கே. சென்னை போவது என்றால் 130 கிலோமீட்டர் கிழக்கே போய், அங்கிருந்து 500 கிலோமீட்டர் பறப்பது. ரேணிகுண்டா போவது என்றால் போகவேண்டிய பக்கமே 120 கிலோமீட்டர் நகர்ந்துவிட்டு, மீதி 420 கிலோமீட்டர் பறப்பது. பெங்களூர் தேவனஹள்ளியிலிருந்து 450 சொச்சம், ஆனால் அந்த விமான நிலையத்துக்குப் போகவே பலமநேர், முல்பாகல், கோலார் வழியாக 200 கிலோமீட்டருக்கு மேல். பறக்கும் நேரம் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். தரையில் போகும் நேரம்தான் மூன்றுக்கும் மூன்று விதம். விமான நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, அது நாம் போகும் திசையில் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். மும்பைக்கோ புனேக்கோ போகிறவனுக்குப் பெங்களூர் வழியாகப் போவதில் நியாயம் உண்டு, எனக்கு இல்லை.

இரண்டாம் பயணம் ரேணிகுண்டா வழி. பகல் 1:10 விமானம், வீட்டில் எடுத்தது 9:15. உண்மையைச் சொன்னால் அந்த வழியில் கஷ்டமே முதல் பத்து கிலோமீட்டர்தான். கிரீன் சர்க்கிள், பாலாற்றுப் பாலம், விருதம்பட்டு, காட்பாடி ரயில்வே மேம்பாலம், காட்பாடியிலேயே இருக்கும் சித்தூர் பஸ் ஸ்டாண்ட். பள்ளிக்கூட நேரமென்றால் இதற்கே முக்கால் மணி நேரம் போகும். கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட்டைத் தாண்டிவிட்டால் மூச்சு விடலாம். சித்தூரைச் சுற்றிக்கொண்டு போய், சந்திரகிரி வழியாகத் திருப்பதியை உரசிக்கொண்டு ரேணிகுண்டா சேரும்போது 11:45. இரண்டரை மணி நேரம். சின்ன விமான நிலையம். வாசலிலிருந்து சோதனை முடிந்து உட்காரும்வரை இருபது நிமிடம். விமானம் இறக்கையில் காற்றாடி வைத்த ஏடிஆர், வால் பக்கமாக ஏறுவது. ஜெட்டைவிட மெதுவாகத்தான் போகும், ஆனால் 400 கிலோமீட்டருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. 3:50க்கு மியாப்பூர். ஆறு மணி 35 நிமிடம்.

நைனா அந்த வரியின் கீழே கோடு போட்டார்.

சரி, எப்போதும் ரேணிகுண்டாதான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அதிலும் குழி இருக்கிறது. அங்கே விமானங்கள் குறைவு. பிடிக்கவேண்டியது தவறினாலோ, ரத்தானாலோ, அடுத்ததற்கு எத்தனை மணி நேரம் என்று தெரியாது. புரட்டாசியில் பிரம்மோற்சவம், மார்கழியில் வைகுண்ட ஏகாதசி, இந்த நாட்களில் திருப்பதியைச் சுற்றிப் போக்குவரத்து வேறு மாதிரி, டிக்கெட் விலையும் வேறு மாதிரி. சொந்த ஊர்க்காரன் போவதற்கும் பெருமாளைப் பார்க்க ஊரே போவதற்கும் ஒரே சாலை.

இந்தப் பாடம் ஒரு ராத்திரியில் வந்தது. பத்தரை மணிக்குத் தங்கை போன். மாப்பிள்ளை வண்டியிலிருந்து விழுந்து கால் எலும்பு முறிவு, காலையில் ஆபரேஷன், கூட யாரும் இல்லை, கைக்குழந்தை வேறு. அவள் அழவில்லை, அதுதான் எனக்கு பயமாக இருந்தது. நான் ரேணிகுண்டா டிக்கெட் தேட ஆரம்பித்தேன். முதல் விமானமே மறுநாள் வெயில் ஏறியபின்தான். நைனா எழுந்து வந்து பக்கத்தில் நின்று, "எந்த ஸ்டாண்டுல அதிக வண்டி நிக்குதோ அங்க போடா" என்றார். பஸ்காரர் பேச்சு, ஆனால் அதுதான் விடை. சென்னையிலிருந்து ஐதராபாத்துக்கு விடியற்காலையிலிருந்தே ஒன்றன்பின் ஒன்றாக விமானங்கள். ஒன்று தவறினால் இன்னொன்று. அதே டிரைவரை எழுப்பினேன். 11:30க்கு எடுத்தோம். நான்கு மணி பத்து நிமிடம் எடுத்த அதே சாலை அன்றைக்கு இரண்டரை மணி நேரம்கூட எடுக்கவில்லை. தொழிற்சாலை பஸ் இல்லை, போரூர் காலி. விடியற்காலை விமானம், 8:15க்கு ஆஸ்பத்திரி வாசல். கணக்கில் எட்டே முக்கால் மணி நேரம், ரேணிகுண்டாவைவிட அதிகம்தான். ஆனால் அந்த ராத்திரி வேறு எந்த வழியில் கிளம்பியிருந்தாலும் காலை 8:15க்கு அங்கே நின்றிருக்க முடியாது. அடித்துப் பிடித்து எடுத்த டிக்கெட் விலையை டைரியில் எழுதவில்லை. அந்த மாதிரி ராத்திரியில் தூரத்தைவிட அடுத்த வண்டி எப்போது என்பதுதான் கேள்வி.

அவசரமில்லாமல் சென்னை போவதென்றால் இப்போது நான் டாக்ஸி எடுப்பதில்லை. காட்பாடியில் ரயில் ஏறினால் சென்ட்ரல் 130 கிலோமீட்டர், நல்ல ரயிலாக இருந்தால் இரண்டு மணி நேரம். சென்ட்ரலில் கீழே இறங்கினால் மெட்ரோ, நேராக விமான நிலையம். ரயில் தாமதமாகலாம், ஆனால் எவ்வளவு தாமதம் என்று போனில் தெரிந்துவிடும். பூந்தமல்லி நெரிசல் அப்படிச் சொல்லிக்கொண்டு வருவதில்லை.

அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனபின் மகளைப் பார்க்கவேண்டும் என்றார். விமானத்தில் கூட்டிப்போகலாம், முன்கூட்டியே சொல்லி வைத்தால் சக்கர நாற்காலியோடு ஆள் வந்து கடைசி வரை விட்டுவிடுவார்கள். அதற்கு விமான நிறுவனங்கள் தனிக்காசு கேட்பதில்லை, டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுப் பதிவு செய்துவிட வேண்டும். ஆனால் அம்மாவுக்கு முள்ளு கத்திரிக்காய் ஒரு மூட்டை, அரிசி, வடாம், குழந்தைக்குத் தொட்டில் சேலை, ஆற்காடு மக்கன் பேடா இரண்டு டப்பா எல்லாம் போகவேண்டும். பதினைந்து கிலோவுக்குள் அம்மாவின் பாசம் அடங்காது. அதனால் காரில் போனோம். நைனாவும் வந்தார்.

காலை 4:30. எங்கள் பக்கத்து ராணிப்பேட்டையில் தொடங்கும் 40ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைதான் சித்தூர், பீலேர், ராயசோட்டி, கடப்பா, நந்தியால் வழியாகக் கர்னூல் வரை போகிறது. காட்பாடி வழியாகப் போய் சித்தூரில் அதைப் பிடித்தோம். நைனா முன்சீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு ஊர் வந்ததும் நேரம் சொல்லிக்கொண்டே வந்தார். பீலேர் வரை அவருக்குப் பழக்கமான ஊர்கள், யார் யாரோ டிரைவர்களின் பெயர்கள் வந்தன. ராயசோட்டி தாண்டி குவ்வலசெருவு மலைப்பாதை, வளைவுகள் மோசம், லாரிகள் இறங்கும் பாதை, அவசரப்படக்கூடாது. மலையடிவாரத்துக் கடைகளில் பால்கோவா பேர்போனது. அம்மா இரண்டு கிலோ வாங்கி வைத்துக்கொண்டார், மக்கன் பேடா இருக்கும்போதே.

கடப்பாவில் டிபன். கர்னூலில் சாப்பாடு, அம்மாவுக்குக் கால் நீட்ட முக்கால் மணி நேரம். துங்கபத்திரையைத் தாண்டினால் தெலங்கானா. அங்கிருந்து 44ஆம் எண் சாலை, அகலமாக, சலிப்பாக. மூன்று மணிக்குமேல் எனக்குக் கண் சொருகியது. ஷாட்நகருக்கு முன்னால் ஒரு டீக்கடையில் நிறுத்தி இருபது நிமிடம் சீட்டைச் சாய்த்துப் படுத்தேன். வேடிக்கை என்னவென்றால் காரில் போனாலும் ஐதராபாத்தில் முதலில் வருவது சம்சாபாத்தான். விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே அதே வெளிவட்டச் சாலையில் ஏறி அதே கச்சிபவுலி. மியாப்பூர் சேரும்போது 5:10. வண்டி மீட்டர் 640 கிலோமீட்டர். பன்னிரண்டு மணி நாற்பது நிமிடம்.

போன் சொன்னது பத்தரை மணி நேரம். போனுக்குப் பசிக்காது, முழங்கால் வலிக்காது. எங்கே நின்றாலும் நேரம் ஓடத்தான் செய்யும். வண்டி 100இல் போனது, 90இல் போனது, ஆனால் வாசலுக்கு வாசல் வகுத்தால் மணிக்கு ஐம்பது. நைனாவுக்கு அதில் ஆச்சரியமே இல்லை. "எக்ஸ்பிரஸ் பஸ்ஸும் ஐம்பதுதான்டா" என்றார். இப்போது நான் சாலைப் பயணத்துக்கு ஐம்பதால் வகுத்துத்தான் நேரம் சொல்கிறேன். குழந்தை கூட இருந்தால் நாற்பத்தைந்து. ஒரே டிரைவர் என்றால் 640 கிலோமீட்டர் ஒரே நாளில் வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். அந்த இருபது நிமிடத் தூக்கம் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று அம்மாவுக்குத் தெரியாது.

திரும்பும்போது கார் ஓட்ட மாப்பிள்ளையின் தம்பி வந்தார். நான் அலுவலகம் போகவேண்டியிருந்ததால் முந்தின நாளே வெங்கடாத்ரி எக்ஸ்பிரஸில் கிளம்பினேன். காச்சிகுடாவில் ராத்திரி ஏறினால் கர்னூல், கடப்பா, திருப்பதி வழியாக மறுநாள் சித்தூரில் விடும். அங்கிருந்து வேலூர் பஸ் ஒரு மணி நேரம். வேலூரிலிருந்து போகிறவர்களுக்கும் இது நல்ல வழி. காச்சிகுடாவிலிருந்து ஆட்டோவில் மலக்பேட்டை போய் மெட்ரோ ஏறினால் கடைசி ஸ்டேஷன் மியாப்பூர். காட்பாடியிலேயே ஏறவேண்டும் என்றால் சபரி எக்ஸ்பிரஸ் இருக்கிறது, அது குண்டூர் வழியாகச் சுற்றிக்கொண்டு செகந்திராபாத் போவது. வாசலுக்கு வாசல் பதினாறு மணி நேரம் போல ஆகிவிடும், டைரியிலேயே நீளமான வரிகள் இவைதான்.

ஆனால் அந்தப் பயணத்துக்குப் பிறகுதான் டைரியில் இன்னொரு பத்தி போட்டேன்: முழித்திருந்த நேரம். சென்னை வழி விமானம் ஒன்பது மணி நேரம், ஒன்பதும் முழிப்பு, அதில் பாதி பதற்றம். கார் பன்னிரண்டு சொச்சம், அதில் இருபது நிமிடம் தவிர எல்லாம் முழிப்பு. ராத்திரி ரயில் பதினாறு, அதில் எட்டு மணி நேரம் தூக்கம், மீதியில் ஜன்னலோரம் புத்தகம். ஒரு பகல்கூட வீணாகவில்லை. இப்போது எனக்கு அவசரமில்லாவிட்டால் ரயில், ஒரு பகலுக்குள் போய்ச்சேர வேண்டும் என்றால் ரேணிகுண்டா, இடி விழுந்த செய்தி என்றால் சென்னை. பெங்களூர் பக்கமே போவதில்லை. ஹொஸ்கோட்டையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை 262 கிலோமீட்டருக்குப் புது எக்ஸ்பிரஸ்வே வருகிறது, கர்நாடகப் பகுதியைத் திறந்துவிட்டார்கள். முழுக்கத் திறந்தால் இந்தக் கணக்கைத் திரும்பப் போடவேண்டும். பரந்தூரில் புது விமான நிலையம் வந்தாலும் அப்படித்தான், காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலேயே விமானம் ஏறலாம். ஆனால் அந்த நிலம் போகக்கூடாது என்று ஏகனாபுரத்தில் வருடக்கணக்காக உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு மிச்சமாகும் ஒன்றரை மணி நேரத்தை அவர்கள் வயலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க மனம் வரவில்லை, அதனால் அதை டைரியில் சேர்க்கவில்லை.

இந்தப் பொங்கலுக்குத் தங்கை வந்தாள். நான் ரேணிகுண்டா என்றேன், வெங்கடாத்ரி என்றேன். "குழந்தையை வச்சுக்கிட்டு ரயிலா? ஃப்ளைட்ல ஒரு மணி நேரம்தானே" என்று சென்னைக்கு டிக்கெட் எடுத்துவிட்டாள். போகிக்கு முந்தின நாள் சாயங்காலம் இறங்கி, சென்னையே ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும் சாலையில் டாக்ஸி ஏறினாள். மணிக்கு ஒரு தடவை போன். நசரத்பேட்டை. இன்னும் நசரத்பேட்டை. ஸ்ரீபெரும்புதூர். ராஜகுளத்தில் குழந்தைக்குப் பால் காய்ச்ச நிறுத்தினார்களாம்.

ராத்திரி 12:40க்கு வாசலில் வண்டி நின்றது. தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு செருப்பைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தாள். நைனா கண்ணாடியை மாட்டிக்கொண்டு டைரியைத் திறந்து வைத்திருந்தார்.

"அங்க வாசல்ல எத்தனை மணிக்கும்மா எடுத்த?"

"நைனா, தயவுசெஞ்சு அத மூடி வை" என்றாள்.